கிரான் பாரடீசோவில் வசந்தகால ஸ்கீ ஏற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் டுரினுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் ஸ்கீ கற்றுக்கொண்டேன். வசந்தம் வந்தால் கிரான் பாரடீசோ மலைக்குக் கிளம்பிவிடுவேன் என்பது தெரிந்ததிலிருந்து, இங்கே இருக்கும் தமிழ் நண்பர்களும் சுவிட்சர்லாந்தில் இருப்பவர்களும் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப்போக.

1. ஸ்கீ போட்டா கீழதானே வழுக்கும்? அதைப் போட்டுக்கிட்டு எப்படி மலை ஏறுவீங்க?

ஸ்கீயின் அடிப்பக்கத்தில் 'ஸ்கின்' என்று ஒரு நீளப் பட்டையை ஒட்டுவோம். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் குட்டையான முடி. முடி முழுக்கப் பின்னோக்கிப் படுத்திருக்கும். அதனால் முன்னால் தள்ளும்போது ஸ்கீ வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் சரியப் பார்த்தால் முடி நிமிர்ந்து பனியைப் பிடித்துக்கொள்ளும். பூனையின் முதுகை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பார்த்தால் கை உணர்வதும் இதுதான். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலைக் கட்டினார்கள். இப்போது மொஹேர் என்ற ஆட்டு முடி அல்லது நைலான்.

ஏறும்போது பூட்ஸின் முன்பக்கம் மட்டும் ஸ்கீயின் மேலுள்ள பிடிப்பில் (பைண்டிங்) மாட்டியிருக்கும், குதிகால் தூக்கி நடக்கலாம். உச்சிக்குப் போனதும் ஸ்கின்னை உரித்து மடித்து வைத்துவிட்டு, குதிகாலையும் பூட்டிக்கொண்டு இறங்குவோம். லிஃப்ட் கிடையாது. ஏறிய உயரம் அத்தனையும் காலால் ஏறியது.

2. கிரான் பாரடீசோ எங்க இருக்கு? ஏன் எல்லாரும் அதையே சொல்றாங்க?

வடமேற்கு இத்தாலியில், ஆவோஸ்தா பள்ளத்தாக்குக்கும் பியெமோந்தேவுக்கும் இடையே. உயரம் 4,061 மீட்டர். இத்தாலிய எல்லைக்குள்ளேயே முழுதாக அடங்கும் 4,000 மீட்டர் மலை இது ஒன்றுதான். 1860 செப்டம்பரில் கோவெல், டண்டாஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், மிஷேல் பையோ, ஜான் தெராஸ் என்ற வழிகாட்டிகளுடன் முதலில் ஏறினார்கள். 1856-இல் அரசரின் வேட்டைக்காடாக இருந்த இடம் 1922-இல் இத்தாலியின் முதல் தேசியப் பூங்கா ஆனது. ஐபெக்ஸ் என்ற காட்டாடு ஆல்ப்ஸில் வேறெங்கும் அற்றுப்போன காலத்தில் இங்கே மட்டும் மிஞ்சியிருந்தது. இன்று ஆல்ப்ஸ் முழுவதும் திரியும் ஐபெக்ஸ்கள் அவற்றின் வாரிசுகள்.

எல்லாரும் இதைச் சொல்வதற்குக் காரணம், கடைசி சில மீட்டர்களை விட்டால் தொழில்நுட்பமாகக் கடினமான இடம் குறைவு. அதனாலேயே இது எளிது என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பி வருகிறவர்களுக்காகத்தான் கீழே இருக்கும் பாதிப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

3. ஸ்கீன்னா டிசம்பர், ஜனவரிதானே? வெயில் வந்தப்புறம் ஏன் போறீங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். குளிர்காலப் பனி அடுக்கடுக்காக விழுந்து, அடுக்குகளுக்கிடையே ஒட்டாமல் கிடக்கும். எந்த அடுக்கு எப்போது சரியும் என்று கணிப்பது கடினம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெயிலில் மேற்பனி உருகி, அந்த நீர் உள்ளே இறங்கி, இரவில் மறுபடி உறைகிறது. பல நாள் இப்படி நடந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு, விடியற்காலையில் சிமென்ட் தரைபோல் ஆகிவிடும். பனியாற்றின் (மலையில் மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டிப் படிவம்) பிளவுகளும் குளிர்காலம் முழுக்கப் பெய்த பனியால் நன்றாக மூடியிருக்கும். மலைக்குடில்களும் இந்தப் பருவத்தில் ஸ்கீக்காரர்களுக்காகத் திறந்திருக்கும்.

காலை வெயில் பட்டதும் அந்தக் கெட்டித் தரையின் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் இளகும். கையில் அள்ளினால் ஊறிய ஜவ்வரிசிபோல் உருண்டை உருண்டையாக இருக்கும். ஸ்கீக்கு அதைவிடச் சுகமான பனி கிடையாது. அது ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு மணி நேரம் நிற்கும். பிறகு முழங்கால்வரை புதையும் சேறாகி, சரிவோடு மொத்தமாக நழுவத் தயாராகும்.

ஆக, எல்லாம் முந்தின இரவு உறைந்ததா என்பதில்தான் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டு நன்றாக உறையும். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் உறையும். மேகம் மூடியிருந்தால் போர்வை போர்த்தியதுபோல் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். வானிலை அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது நாளைய வெயிலை இல்லை, இன்றிரவின் வானத்தை.

4. அண்ணா, நான் பிஸ்தில நல்லா ஓடுவன். சிவப்பு, கறுப்பு எல்லாம் போறனான். இது காணுமோ?

இறங்குவதற்குக் கிட்டத்தட்டக் காணும். ஏறுவதற்குக் காணாது. பிஸ்த் என்பது லிஃப்ட் உள்ள ஸ்கீ மையங்களின் தடம், கஷ்டத்துக்கு ஏற்ப நிறம். அங்கே இரவெல்லாம் இயந்திரம் சமன்செய்த பனி. இங்கே ஒரே இறக்கத்தில் கண்ணாடிபோன்ற உறைபனி, காற்று அடித்து அலையலையாக்கிய பனி, இளகிய பனி மூன்றும் வரும். முதுகில் 8, 10 கிலோ பை, அதற்கு முன் நாலைந்து மணி நேரம் ஏறிய கால்கள்.

செங்குத்தான இடத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு முனையிலும் ஒரு காலைத் தூக்கி எதிர்த்திசையில் திருப்பி வைக்க வேண்டும். 'கிக் டர்ன்' என்பார்கள். சமவெளியில் பத்து நிமிடத்தில் பழகலாம். உறைந்த சரிவில், இருட்டில், கீழே 200 மீட்டர் வெறும் சரிவாக இருக்கும்போது அது வேறு விஷயம். முதலில் பனியாறு இல்லாத மலைகளில் 1,000 மீட்டர் ஏற்றமாக நாலைந்து தடவை போய்விட்டு வாருங்கள்.

5. காலைல டுரின்ல இருந்து கிளம்பி ஒரே நாள்ல முடிச்சிட முடியாதா?

நல்ல பயிற்சி உள்ளவர்கள் செய்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சாலை முடியும் போந்த் என்ற இடம் 1,960 மீட்டர். அங்கிருந்து உச்சிக்கு 2,100 மீட்டர் ஏற்றம். உறைபனி இளகுவதற்குள் இறங்க வேண்டும் என்றால் நள்ளிரவில் தொடங்க வேண்டும். உடலும் உயரத்துக்குப் பழகியிருக்காது.

வழக்கமான முறை, முதல் நாள் போந்திலிருந்து 2,735 மீட்டரில் இருக்கும் விட்டோரியோ எமானுவேலே குடிலுக்கு ஏறி, அங்கே படுத்து, மறுநாள் உச்சி. குடிலுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். மே மாதத்தில் அந்தப் பாதையின் கீழ்ப்பகுதியில் பனி இருக்காது. ஸ்கீயைப் பையில் கட்டிச் சாதாரண ஷூவில் நடக்க வேண்டும். முடிந்தால் குடிலில் இரண்டு இரவு தங்குங்கள்.

6. குடில்ல சைவம் கிடைக்குமா? குளிக்க, படுக்க வசதி எப்படி?

கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்து. காய்கறி சூப், பாஸ்தா, சீஸ், பொலெந்தா. பொலெந்தா நம் மக்காச்சோளக் களிதான், உருகிய சீஸோடு வரும். சூப் சைவம் என்றாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று கொண்டுபோனால் உயரத்தில் மந்தமான நாக்குக்கு அருமையாக இருக்கும்.

அடுக்குக் கட்டில், கம்பளி இருக்கும். உள்ளே விரிக்க மெல்லிய துணி உறை நீங்கள் கொண்டுபோக வேண்டும். குளியலை மறந்துவிடுங்கள். வசந்தத்தில் குழாய் உறைந்திருக்கலாம், குடிக்கத் தண்ணீர் வாங்க வேண்டிவரும். பூட்ஸைக் கீழே அடுக்கில் விட்டுவிட்டு அங்கிருக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு விளக்கு அணையும். வர முடியாவிட்டால் போன் செய்து படுக்கையை விடுவியுங்கள், அதற்காக யாரோ காத்திருப்பார்கள்.

7. நாலு மணிக்கு எழுந்திருக்கணும்னு சொல்றாங்களே, அவ்வளவு சீக்கிரம் எதுக்கு?

காரணம் 3-ஆம் பதிலில் இருக்கிறது. கணக்கு இப்படி: குடிலிலிருந்து உச்சிக்குச் சுமார் 1,330 மீட்டர். மணிக்கு 300 மீட்டர் ஏறினால் நாலரை மணி நேரம், உச்சிக்கு அருகே பாறையில் ஒரு மணி நேரம். 5 மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குத் திரும்பும் நிலையில் இருப்பீர்கள். ஏறும் பக்கம் மேற்கு பார்த்தது, வெயில் தாமதமாக வரும். அதனால் மேலே பனி இளகுவதும் தாமதம். ஆனால் குடிலுக்குக் கீழே போந்துக்கு இறங்கும் சரிவு மதியத்துக்குள் சேறாகிவிடும். அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நான் ஒரு திரும்பும் நேரம் வைத்திருப்பேன், பெரும்பாலும் பதினொன்று. உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் பதினொன்றுக்குத் திரும்பல். அதை முந்தின இரவே, சாப்பாட்டு மேசையில், எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுவேன். 4,000 மீட்டரில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் யாருக்கும் திரும்ப மனசு வராது.

8. பனியாறுன்னு சொல்றீங்க. ஓடுற மாதிரியே தெரியலையே?

ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். அடியில் பாறை வளையும் இடத்தில் மேலே இருக்கும் பனிக்கட்டி வளைய முடியாமல் பிளக்கும். அதுதான் பனிப்பிளவு. குளிர்காலப் பனி அதன்மேல் கூரைபோல் மூடிவிடும். அதைப் பனிப்பாலம் என்கிறோம். மேலிருந்து பார்த்தால் வெள்ளைவெளேர் என்று ஒன்றுமே தெரியாது.

ஆனால் விடியற்காலையில் வெளிச்சம் சாய்வாக விழும்போது கூர்ந்து பாருங்கள். பாலம் உள்ள இடம் ஒரு விரல் ஆழத்துக்குத் தொய்ந்து, நீளமாக ஒரு மங்கலான நிழல்கோடு ஓடும். அந்தக் கோட்டைக் குறுக்கே செங்குத்தாகக் கடக்க வேண்டும், அதன் நீளவாட்டில் நடக்கவே கூடாது. 1850 அளவோடு ஒப்பிட்டால் ஆல்ப்ஸ் பனியாறுகளின் பரப்பு பாதிக்கும் மேல் போய்விட்டது. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜி.பி.எஸ். தடத்தை வைத்துக்கொண்டு கண்மூடிப் போகாதீர்கள். குடில் காவலரிடம் இந்த வாரம் தடம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

9. விட்டோரியோ எமானுவேலே பக்கமா, ஷபோ பக்கமா? எது நல்லது?

முதல் தடவை என்றால் விட்டோரியோ எமானுவேலே. பிளவுகள் குறைவு, வழி தெளிவு. ஷபோ குடிலிலிருந்து போகும் பாதை லவெச்சோ பனியாற்றில் ஏறும். அது அழகு, வடமேற்கு பார்த்ததால் பனியும் நன்றாகத் தங்கும், ஆனால் பிளவுகள் அதிகம். 'கழுதை முதுகு' என்று அவர்கள் அழைக்கும் பனிமுகட்டுப் பக்கம் இரண்டு பாதைகளும் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க ஆசைப்படுகிறவர்கள், ஏறிப் பார்க்காத பனியாற்றில் வேகமாக இறங்கப் போகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

10. கயிறு கட்டணுமா? மேல போறவங்க பாதிப் பேர் கட்டாமதான் போறாங்க.

பார்த்திருக்கிறேன். நன்றாக உறைந்த காலை, பனி கனமாக மூடிய ஆண்டு, ஸ்கீ உங்கள் எடையை இரண்டு மீட்டருக்குப் பரப்புகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் விட்டோரியோ எமானுவேலே பக்கம் பலர் கயிறில்லாமல் ஏறுகிறார்கள். லவெச்சோவில் நான் எப்போதும் கட்டுவேன். அங்கே ஒரு மே மாதம், எனக்கு முன்னால் போனவர் படம் எடுக்க ஸ்கீயைக் கழற்றி ஒரு அடி வைத்தார். ஒரு கால் இடுப்புவரை உள்ளே போனது. அவரை இழுத்தெடுத்த பிறகு அந்த ஓட்டைக்குள் பார்த்தேன். நீலம், அதற்குக் கீழே கறுப்பு, அடி தெரியவில்லை. சத்தமே இல்லை. பனியாற்றில் ஸ்கீயைக் கழற்றுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது பெரும்பாலும் கயிறு கட்டுவதில்லை. கயிற்றோடு ஸ்கீ செய்தால் ஒருவரை ஒருவர் இழுத்து விழவைப்பதுதான் நடக்கும். அதற்குப் பதில், ஏறிய தடத்தை ஒட்டியே இறங்குவோம், இடைவெளி விடுவோம், விழாத அளவுக்கு வேகத்தைக் குறைப்போம். மேகம் இறங்கி வழி தெரியாமல் போனால் மட்டும் இறக்கத்திலும் கயிறு.

கயிற்றை மாட்ட இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸைக் குடிலிலேயே கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், பையில் கிடக்கும் ஹார்னஸால் பிரயோஜனம் இல்லை. கயிறு முதலில் போகிறவரின் பையில் இருக்கக் கூடாது, விழுந்தால் அவரோடு அதுவும் உள்ளே போய்விடும். இரண்டே பேர் போனால் நடுவில் முடிச்சுகள் போட வேண்டும். ஒருவர் விழும்போது அந்த முடிச்சு பிளவின் விளிம்பில் சிக்கி நிறுத்த உதவும். தூக்குவதற்கான கப்பி முறையை வீட்டு மாடிப்படியில் பழகுங்கள், முதல் தடவை மலையில் வேண்டாம்.

11. பீக்கன் வாங்கிட்டேன். பனிச்சரிவுக்கு அது போதும்ல?

போதாது. பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டும் கருவி), மண்வெட்டி, நீளக் குச்சி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பனிச்சரிவு அபாயம் உள்ள இடங்களில் ஸ்கீ ஏற்றம் போகிறவர்களுக்கு இத்தாலியில் 2022 ஜனவரி முதல் இது சட்டமே. பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்புகிறது. அது புதைந்தவரின் பக்கத்தில் கொண்டுபோய் விடும், குச்சி ஆழத்தைச் சொல்லும், தோண்டுவது மண்வெட்டி. முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன்பின் மூச்சடைத்து வேகமாகக் குறைகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது, கூட இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும்.

போனையும் ஸ்மார்ட் வாட்ச்சையும் பீக்கனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தேடும்போது குழப்பும். மாதம் ஒருமுறை பூங்காவில் ஒளித்துவைத்துத் தேடிப் பழகுங்கள்.

12. இன்னைக்கு அபாய நிலை 2 தான் போட்டிருக்கு. அப்போ பயமில்லையே?

பனிச்சரிவு அபாயத்தைச் சொல்லும் ஐரோப்பிய அளவு 1 முதல் 5 வரை. பள்ளியில் 100-க்கு 40 வாங்கியதுபோல் 2-ஐப் பார்க்கக் கூடாது. பனிச்சரிவில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் 2, 3 நிலை நாட்களில்தான் இறக்கிறார்கள், அந்த நாட்களில்தான் மக்கள் வெளியே போகிறார்கள். வசந்தத்தில் எண்ணைவிட நேரம் முக்கியம். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று இரண்டு படம் போடுவார்கள். காலையில் 1 என்பது மதியம் 3 ஆகும். எண்ணைப் பார்த்துவிட்டு மூடாமல் கீழே எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்று அதில்தான் இருக்கும். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடங்கள் எவை என்பதை வரைபடத்தில் முந்தின நாளே குறித்து வையுங்கள்.

13. மேல தலைவலி வந்தா ஒரு டோலோ போட்டுக்கிட்டு ஏறிடலாமா?

4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்குச் சற்றே அதிகம். லேசான தலைவலி பலருக்கு வரும். குடிலில் மாலையில் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்து, தூங்கிப் பாருங்கள். காலையில் தெளிந்துவிட்டால் போகலாம். ஏறும் வழியில் தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மாத்திரை விடை இல்லை, இறக்கம்தான் விடை. நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறக்க வேண்டும், தனியாக விடாமல். உயரநோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் ஊரிலேயே பேசுங்கள்.

நம்மில் பலர் அலட்சியப்படுத்துவது வெயில். "கறுத்த தோல்தானே" என்று சன்ஸ்கிரீன் போடாமல் வந்தவர்களின் மூக்குத்துவாரமும் உதட்டின் உட்பக்கமும் வெந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பனி கீழிருந்து வெயிலைத் திருப்பி அடிக்கிறது. நல்ல கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியாற்றில் கால் வைக்காதீர்கள்.

14. உச்சியில மாதா சிலை இருக்காமே. அதைத் தொட்டாத்தான் கணக்கா?

வெள்ளை மாதா சிலை ஒரு பாறைக் கூம்பின்மேல் நிற்கிறது. உண்மையில் மிக உயர்ந்த புள்ளி அது இல்லை, பக்கத்துப் பாறை சில மீட்டர் கூடுதல். ஸ்கீயைக் கீழே குத்தி வைத்துவிட்டு, பூட்ஸின் அடியில் கிராம்பான் என்ற இரும்புப் பற்களைக் கட்டி, ஐஸ் ஆக்ஸோடு ஏற வேண்டும். கடைசியில் ஒரு ஆள் நிற்கும் அகலத்தில் பாறை விளிம்பு, இரண்டு பக்கமும் ஆழம். கயிறு கட்டாமல் அங்கே போகாதீர்கள்.

கூட்டமான ஞாயிற்றுக்கிழமை அந்த விளிம்பில் நின்றே அரை மணி நேரம் கரையும், கீழே பனி இளகிக்கொண்டிருக்கும். மூன்று தடவை நான் பாறைக்கு அடியிலேயே திரும்பியிருக்கிறேன். அந்த நாட்களையும் ஏறிய நாட்களாகவே எழுதி வைத்திருக்கிறேன்.

15. நாங்க நாலு பேர், எல்லாருக்கும் அனுபவம் இருக்கு. கைடு எதுக்கு? காசு வேற.

சட்டப்படி கட்டாயம் இல்லை. நால்வரில் இரண்டு பேராவது பிளவில் விழுந்தவரைத் தூக்கத் தெரிந்தவர்களா, பனிச்சரிவு அறிக்கையைப் படித்து வழியை மாற்றத் தெரிந்தவர்களா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்றால் சர்வதேசச் சான்று பெற்ற மலை வழிகாட்டியோடு போங்கள். நான் முதல் இரண்டு தடவை அப்படித்தான் போனேன், அந்த நான்கு நாட்களில் கற்றதைத்தான் இன்றுவரை செலவு செய்கிறேன்.

காப்பீட்டையும் பாருங்கள். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டில் மலையேற்றத்தையும் பனியாற்றையும் விலக்கியிருப்பார்கள், சிறிய எழுத்தில். அவசர எண் 112. எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது என்பதால் எங்கே கிடைக்கிறது என்பதை ஏறும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

16. லீவு இதோட முடியுது. ராத்திரி மேகம் மூடிடுச்சு, ஆனா காலைல வெளிய குளிராத்தான் இருக்கு. போகலாமா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் யாரிடமிருந்தாவது வரும், குடிலிலிருந்தே மெசேஜாக. முகத்தில் படும் குளிரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கதவைத் திறந்து ஐம்பது அடி நடந்து, மிதிபடாத பனியில் குதிகாலை அழுத்துங்கள். நன்றாக உறைந்திருந்தால் குதிகால் எகிறும், ஒரு தடம்கூட விழாது. மேலே அப்பளம்போல் நொறுங்கி, அடியில் ஈரமாகக் கால் இறங்கினால் இரவு உறையவில்லை என்று அர்த்தம். ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியைக் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் அதோடு முடிந்தது. பாலங்களும் அதே பனியால் ஆனவைதான்.

அப்படிப்பட்ட காலையில் உச்சியை விடுவதோடு வேலை முடிவதில்லை. வெயில் வரட்டும், நிதானமாக இறங்கலாம் என்று குடிலில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 7-ஆம் பதிலில் சொன்ன அந்தக் கீழ்ச்சரிவும் இரவு உறையவில்லை. மேகம் விலகி வெயில் பட்டால் இன்னும் மோசமாகும். வெளிச்சம் வந்ததும் பையைக் கட்டி, செங்குத்தான சரிவுகளுக்கு அடியில் நிற்காமல், ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் போந்துக்கு இறங்கிவிடுங்கள். பீக்கனைக் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்த பிறகுதான் அணைக்க வேண்டும்.